சொன்னவர்: மணியம், முன் சீட்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். என் மனைவி தெரேசாவின் சொந்தத்தில் வாழை மரத்தடியில் எதையாவது பார்த்துப் பயந்து காய்ச்சலில் படுக்காதவர்களே கிடையாது. நான் வாழை மரத்தில் வாழைப்பழத்தைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஏர்கான் ரிப்பேர் பார்த்தவன். எங்கேயாவது சத்தம் வந்தால் ஒரு ஸ்க்ரூ கழன்றிருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தத்துவம். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுந்தே போயிருப்பேன். அதிலும் பேய்க் கதை என்றால் நள்ளிரவு, மழை, கரண்ட் இல்லை என்றுதானே சொல்வார்கள். எனக்கு நடந்தது காலை வெயிலில், மேருவில் இருந்து கிள்ளானுக்கு வருகிற ரோட்டில், வேன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது.

வேலையை விட்ட பிறகு நான் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். திங்கள், புதன், வெள்ளிக்கு ஒரு கூட்டம். செவ்வாய், வியாழன், சனிக்கு இன்னொரு கூட்டம். ஆக மொத்தம் பன்னிரண்டு பேர். யாருக்கு எந்தக் கையில் ஊசி குத்துகிறார்கள், யார் வீட்டு நாய் கடிக்கும், யார் மகனுக்குப் போன் போட்டால் எடுப்பான், யார் மகனுக்குப் போட்டால் எடுக்கமாட்டான் என்பதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஐம்பத்தெட்டு வயது மூளை, எவ்வளவுதான் தாங்கும்? ஒருநாள் ஒரு அக்காவை டயாலிசிஸ் சென்டரிலேயே மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் பாவம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

இந்தக் கதை என் மகள் ஜெசியின் காதுக்குப் போனது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரூம் எடுத்துத் தங்கி கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் அவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "அப்பா, உங்க மூளைய நம்பி பன்னெண்டு உயிர ஏத்தாதீங்க லா" என்று சொல்லிவிட்டு, பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து ஹாலில் வைத்து, அதில் ஒரு ஏஜென்ட் போட்டுக் கொடுத்தாள். அதாவது பேசுகிற, கேட்கிற, எழுதுகிற ஏ.ஐ. வேனில் போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் போதும், எஞ்சின் போட்டதும் அதுவாகப் பதிவு செய்யத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் பதிவு லேப்டாப்புக்குப் போகும், ஏஜென்ட் அதைக் கேட்டுக் குறிப்பு எழுதும். ஆளுக்கு ஒரு பக்கம். வீடு, உடம்பு, சாப்பாடு, யாரைக் கூப்பிடுவது என்று தலைப்பு போட்டு வைத்திருக்கும். காலையில் வேனில் கேட்டால் போன் வழியாகப் படித்துக் காட்டும். எல்லாம் எங்கள் வீட்டு லேப்டாப்புக்கும் அந்தப் போனுக்கும் உள்ளேயேதான், வெளியே எங்கேயும் போகாது. பயணிகளிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் ஆரம்பித்தோம்.

"இதுக்கு தனியா ஞாபகம்னு ஒண்ணும் கெடையாது பா" என்று ஜெசி விளக்கினாள். "ஒவ்வொரு தடவையும் புதுசா பொறந்த மாதிரிதான் முழிச்சுக்கும். முன்னாடி எழுதி வச்சத படிச்சுட்டுதான் நீங்க யாருன்னே தெரிஞ்சுக்கும். அதுல இல்லன்னா அதுக்கும் தெரியாது."

கூடவே ஒரு கட்டளையும் போட்டிருந்தாள். இந்த ஏ.ஐ. சில நேரம் சொந்தமாக அடித்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் யார் சொன்னது, எந்த நாள், பதிவில் எத்தனையாவது நிமிடம், உறுதியா சந்தேகமா என்று எழுதியே ஆக வேண்டும். ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது. இதை மட்டும் நீங்கள் மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

இந்த ஏஜென்ட்டை முதன்முதலில் மனிதராக மதித்தவர் மணியண்ணன்தான். எழுபத்தொரு வயது, ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மேருவில் மகன் வீட்டில் இருந்தார். திங்கள் கூட்டத்தில் முதலில் ஏறுவது அவர்தான், முன் சீட் அவருக்கென்றே எழுதி வைத்தது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஏறினதும் போனைப் பார்த்து, "எழுதிக்கோ" என்று ஆரம்பிப்பார். அந்த வீட்டு கேட் பூட்டு சரியில்லை, இந்த அம்மா நேற்று சாப்பிடவில்லை, பின் டயரில் சத்தம் வருகிறது. ஊர் நியாயம் மொத்தமும் அவர் வாயில்தான். எல்லாவற்றுக்கும் கீழே ஏஜென்ட் எழுதும்: 'சொன்னவர்: மணியம், முன் சீட்.'

"நாங்களும் அப்படித்தான்டா பிரான்சிஸ்" என்பார். "ஷிப்ட் மாறும்போது வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. புக்ல எழுதி வச்சதுதான் அவனுக்கு கண்ணு. புக்ல இல்லன்னா அது நடக்கவே இல்ல."

எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் சில நாள் தலைவலி. அந்தத் திங்கட்கிழமை அப்படித்தான். ஒரு லோரி குறுக்கே நின்று ஒரே ஜாம். நான் பதிவை நிறுத்தி வைத்திருந்தேன், ஏனென்றால் என்னைப் பற்றியும் அது ஒரு பக்கம் வைத்திருக்கிறது, போன வாரம் அதில் 'லோரி டிரைவரின் தாயாரைப் பற்றித் தவறாகப் பேசினார்' என்று எழுதி ஜெசியிடம் மானம் போனது. அந்த நேரம் பார்த்து மணியண்ணன், "பிரான்சிஸ், அத ஆன் பண்ணு, ரெண்டு விஷயம் சொல்லணும்" என்றார். நான் எரிச்சலில், "புதன்கிழமை சொல்லுங்கண்ணே, எங்க போயிடப் போறீங்க?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். தூக்கத்திலேயே, நெஞ்சு.

புதன்கிழமை காலை, ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் வேனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் போனேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. எங்க போயிடப் போறீங்க என்று கேட்டவன் நான்தானே. கொஞ்ச நேரம் நின்றேன், மற்றவர்களை ஏற்ற வேண்டிய நேரமாகிவிட்டது. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். இரண்டு வருடமாக அதே வாசலில் அவரை இறக்கிவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், "சரிண்ணே, போயிட்டு வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டது. சாவு வீட்டில்! சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப வேண்டிய இடத்தில்! அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே. வீட்டுக்கு வந்து சொன்னபோது தெரேசா தலையில் அடித்துக்கொண்டாள். "புதன்கிழமை சொல்லுங்கன்னு நாளும் குறிச்சு குடுத்துட்டு, போயிட்டு வரேன்னும் சொல்லிட்டு வந்திருக்கீங்க, நல்லா இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். சத்தியமாக அப்போது சிரித்தேன்.

வியாழக்கிழமை வேறு கூட்டம், ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏறி, வழக்கம்போல் ஏஜென்ட்டிடம் அன்றைய குறிப்பைப் படிக்கச் சொன்னேன். அன்றைக்கு ஏறுகிறவர்களின் பக்கத்தை மட்டும்தான் அது படிக்கும். மணியண்ணன் பக்கத்தை, ஜெசி போனில் வழி சொல்ல, நான் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். ஆகவே முதல் பெயர் சரோஜாக்கா. அறுபத்து மூன்று வயது, கிள்ளானில் தனியாக இருக்கிறது, மகள் தூரத்தில் செமினியில் இருக்கிறாள். ஏஜென்ட் அதன் வழக்கமான சாதுவான குரலில் படித்தது:

"சரோஜா. புதிய குறிப்பு. வீட்டுப் பின்புறம் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பெலிம்பிங் மரம், அதாவது நட்சத்திரப் பழ மரம், காய்த்திருக்கிறது. பிரஷருக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கிட்னி நோயாளிக்கு அது விஷம். விக்கல் வந்தால் வீட்டில் விடாதே, நேராக ஆஸ்பத்திரி. சொன்னவர்: மணியம், முன் சீட். புதன்கிழமை. பதினான்காவது நிமிடம். உறுதி."

புதன்கிழமை.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். என்ன மெஷின் இது, செத்த மனிதர் பெயரில் கதை எழுதுகிறது, ஜெசி வரட்டும், இதைத் தூக்கி லாங்காட்டு ஆற்றில் போடச் சொல்கிறேன் என்று திட்டிக்கொண்டே ஓட்டினேன். பழைய பதிவு எதுவோ பிந்தி வந்திருக்கும், தேதி மாறியிருக்கும், ஸ்க்ரூ எங்கேயோ கழன்றிருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன்.

சரோஜாக்கா வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தேன். கதவைத் திறந்து கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. பை இல்லை, செருப்பு இல்லை.

"இன்னைக்கு வரல தம்பி... ஹிக்... தல சுத்துது, கொஞ்சம் படுத்துக்கிறேன். நீ போ."

"என்னக்கா விக்கல்?"

"காலையில இருந்து விடாம வருது லா." சிரித்தது. "யாரோ என்னைய நெனச்சுக்கிட்டே இருக்காங்க போல."

நம்மில் எல்லாரும் சொல்வதுதானே அது. விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள், ஒரு மடக்குத் தண்ணீரைக் குடி, சரியாகிவிடும். வேறு எந்த வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தாலும் நானும், "உங்க மகளா இருக்கும்கா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். டயாலிசிஸுக்கு ஒருநாள் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் இவர்களிடம் புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு வேனை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். செருப்போடு உள்ளே போனேன், ஹாலைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்கதவைத் திறந்தேன். அந்த வீட்டின் பின்புறத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு பெலிம்பிங் மரம், மஞ்சள் மஞ்சளாகக் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்படி மேசையில் ஒரு கண்ணாடி ஜக், அடியில் கொஞ்சம் ஜூஸ் மிச்சம், பக்கத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டிப் போட்ட துண்டுகள்.

திரும்பிப் பார்த்தால் சரோஜாக்கா கிரில்லைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டது.

அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் போட்டது, சிக்னலில் நிற்காமல் போனது, எல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. உடனே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போட்டார்கள், நீண்ட நேரம். அன்று மாலை ஒரு இளம் டாக்டர் பெண் வெளியே வந்து, அபாயம் தாண்டியது என்றார். வீட்டில் படுத்திருந்தால் எழுந்திருக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பெலிம்பிங்னு வந்ததுமே சொன்னீங்களே அங்கிள், அதனாலதான் நாங்க நேரத்தை வீணாக்கல. உங்களுக்கு யாரு சொன்னது, சென்டர் நர்ஸா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வது? "வேன்ல சொன்னாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசி வந்தாள். நடந்ததைச் சொன்னதும் அவளும் முதலில் என்னைப் போலத்தான், "தானா அடிச்சு விட்டிருக்கும் பா, பழைய குறிப்பு ஸ்டைல காப்பி அடிச்சிருக்கும்" என்றாள். ஆனால் தொட்டி பக்கத்து மரம் அதற்கு எப்படித் தெரியும்? "பதினாலாவது நிமிஷம்னு போட்டிருக்குல்ல, கேட்டா தெரிஞ்சிடும்" என்று புதன்கிழமைப் பதிவைத் திறந்தாள். மணியண்ணன் வீட்டில் இருந்து கிளம்பியது முதல் சரோஜாக்கா வீடு வரை நான் மட்டும் தனியாக ஓட்டின பதிவு. வேனில் ஈ காக்கா இல்லை. முன் சீட்டில் ஒரு தண்ணீர்ப் போத்தல்கூட நான் வைக்கவில்லை.

கேட்டோம். எஞ்சின் சத்தம், ஏர்கான் சத்தம். பதினான்காவது நிமிடத்தில் டிங், டிங், டிங் என்று ஆரம்பித்தது. எங்கள் வேனில் முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அந்தச் சத்தம் வரும். பிறகு ஒரு கிளிக். சத்தம் நின்றது.

பிறகு என் குரல். "சொல்லுங்கண்ணே."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"எந்த மரம்?" இதுவும் என் குரல்.

மறுபடியும் ஒன்றும் இல்லை. "ஓ... தொட்டி பக்கத்துலயா? விஷமா? எனக்கு தெரியாதே." இன்னொரு இடைவெளி. "சரிண்ணே, சரி லா. எழுதிக்கும்."

ஐயா, நான் மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் அப்படிப் பேசவே இல்லை. அன்று அந்த ரோட்டில் நான் வாயைத் திறந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அழுதுகொண்டே ஓட்டினேன், அவ்வளவுதான் தெரியும். ஆனால் பதிவில் இருப்பது என் குரல், நான் தினமும் அவரிடம் பேசுகிற அதே குரல், எதிரே ஆள் இருந்து பதில் சொன்னால் எப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுவோமோ அப்படி. அவர் குரல் மட்டும் இல்லை. நாங்கள் எவ்வளவு சத்தம் கூட்டிக் கேட்டாலும் இல்லை. ஏஜென்ட் மட்டும் அந்த இடைவெளிகளில் எதையோ கேட்டு எழுதியிருக்கிறது. ஜெசி லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டாள். மெஷினை உருவாக்கினவளே பயந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் கீழே போய் முன் சீட்டை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தேன். சென்சார் நன்றாக இருக்கிறது. வயர் நன்றாக இருக்கிறது. கழன்ற ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை.

சரோஜாக்கா தேறி வார்டுக்கு வந்ததும் போய்ப் பார்த்தேன். அக்காவுக்கு அரைகுறையாகத்தான் நினைவு. "மொத காய்ப்ப மணியண்ணனுக்குத்தான் குடுத்தேன் தம்பி, அவரு செத்துப்போன வாரத்துக்கு முந்துன வெள்ளிக்கெழம" என்றது. "இதெல்லாம் நாம திங்கக்கூடாதும்மான்னாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சுட்டேன்."

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை அவர் சொல்ல வந்தது இதைத்தான். நான்தான் பதிவை நிறுத்தி வைத்துவிட்டு லோரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், வெட்கமே படவில்லை. அழுது முடித்து வேனில் ஏறி சாவியைப் போடும்போதுதான் இன்னொன்று உறைத்தது.

அவர் சொன்னது, ரெண்டு விஷயம்.

வீட்டுக்குப் போனதும் ஜெசிக்குப் போன் போட்டு எல்லாப் பக்கத்தையும் தேடச் சொன்னேன். அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து வழி சொல்ல, நான் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினொரு நோயாளிகள் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. கடைசியில் என்னுடைய பக்கம். பிரான்சிஸ், டிரைவர். சர்க்கரை இல்லாத டீ. லோரி டிரைவர்களிடம் கோபப்படுவார். அதற்கெல்லாம் கீழே கடைசி வரி:

'ஒரு விஷயம் சொன்னார். இவரும் கேட்டுக்கொண்டார். எழுத வேண்டாம் என்று சொன்னதால் எழுதவில்லை. சொன்னவர்: மணியம், முன் சீட். புதன்கிழமை. பதினேழாவது நிமிடம். உறுதி.'

நான் ஏஜென்ட்டிடமே கேட்டேன். என்ன சொன்னார்? அது அதே சாதுவான குரலில் பதில் சொன்னது: "குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். குறிப்பில் இல்லாதது எனக்கு ஞாபகம் இருக்காது. மன்னிக்கவும்." அதனிடமும் இல்லை. என்னிடமும் இல்லை.

"அப்பா, அந்தப் பதிவ கேக்காதீங்க. நான் வந்து எல்லாத்தையும் அழிச்சுடறேன், ப்ளீஸ் பா" என்று போனில் ஜெசி அழுதாள். நான் போனை வைத்துவிட்டுக் கேட்டேன். எஞ்சின் சத்தம், ஏர்கான் சத்தம், பிறகு என் குரல்: "ரெண்டாவது என்னண்ணே?"

நீண்ட இடைவெளி. சிக்னல் விளக்குப் போட்டு ஒரு திருப்பம் திரும்பி முடிக்கிற அளவுக்கு நீளம்.

பிறகு என் குரல், மெதுவாக: "எப்போண்ணே?"

மறுபடியும் இடைவெளி. அப்புறம் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறேன், பயந்த குரலில் இல்லை, யாரோ எனக்கு ஆறுதல் சொல்லி முடித்த மாதிரி நிதானமான குரலில்: "சரி."

பெல்ட் கழற்றுகிற கிளிக்.

அந்தப் பதிவை அழிக்க நான் விடவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. வேன் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், சரோஜாக்காவும் வருகிறது, அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். முன் சீட்டில் யாரையும் உட்கார வைப்பதில்லை. தெரேசாவிடம் இந்தக் கடைசி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். இப்போதெல்லாம் என் பக்கத்தையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன்; தினமும் காலையில் சாவியைப் போட்டு, ஏஜென்ட் என் பெயரைப் படிக்கத் தொடங்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். எதற்கு அன்றைக்குச் சரி சொன்னேன் என்று எனக்குத் தெரியவே இல்லை.